பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு பாக்கெட்டுகள்

கிருஷ்ணகிரியில் நான் நடத்தும் அச்சகத்தில், மேசைக் கண்ணாடிக்கு அடியில் மூன்று ஆண்டுகளாக ஒரு செய்தித்தாள் நறுக்கு கிடக்கிறது. இரண்டு நிப்பட்டுப் பாக்கெட்டுகளின் படங்கள் அதில் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. இரண்டிலும் மஞ்சள் நிறம், இரண்டிலும் சிவப்பு வட்டம், இரண்டு வட்டத்துக்குள்ளும் ஒரு பெண். இடப்பக்கத்துப் பெண் உலக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வலப்பக்கத்துப் பெண் அடுப்பின் முன் உட்கார்ந்து வாணலியில் எதையோ போடுகிறாள். வலப்பக்கத்துப் பெண்ணை வரைந்தவன் நான். படங்களுக்கு மேலே தடித்த எழுத்தில் ‘போலி’ என்ற சொல்லும் அதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் இருக்கின்றன. அந்தக் கேள்விக்குறியை யாரும் படிக்கவில்லை என்பதை அடுத்த இரண்டு வாரங்களில் தெரிந்துகொண்டோம்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நிப்பட்டு போட்டு விற்கும் ஓர் அக்காதான் வலப்பக்கத்துப் பாக்கெட்டின் உரிமையாளர். அரிசி மாவில் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் மிளகாயும் சேர்த்துத் தட்டிப் பொரித்தெடுக்கும் அந்தத் தின்பண்டம் எங்கள் பகுதிக்குப் பழகியது; அவருடைய கைப்பக்குவத்துக்குப் பேருந்து நிலையக் கடைகளில் தனி வரவேற்பு உண்டு. வெளியூரில் பெரிய அளவில் நொறுக்குத்தீனி தயாரிக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. தங்களுடைய பதிவு பெற்ற வணிக முத்திரையை (டிரேட்மார்க்) ஒத்த படத்தைப் பயன்படுத்துவதை 15 நாளில் நிறுத்த வேண்டும், கடைகளில் இருக்கும் சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்குத் தொடரப்படும் என்று எழுதியிருந்தார்கள். நோட்டீஸ் வந்த செய்தி எப்படியோ கசிந்து, நான்காவது நாளே படத்தோடு பத்திரிகையில் ஏறிவிட்டது. எந்தப் பத்திரிகை, எந்த நிறுவனம் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்களே, அந்த முறையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

லோகோ தகராறு என்றால் உலகம் முழுவதும் பத்திரிகைகள் செய்வது இதைத்தான். இரண்டு படங்களையும் ஒட்டி வைத்து, நடுவில் ஒரு கோடு போட்டு, ‘ஒற்றுமை தெரிகிறதா?’ என்று வாசகரைக் கேட்பார்கள். வாசகரும் குழந்தைகளுக்கான ஆறு வித்தியாசப் புதிரைப் போல அதை ஆராய்ந்து, அவருடைய மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கேற்பத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். நீதிமன்றம் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்று நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 50 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது என்பதை எங்களுக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் நானும் அறிந்தேன்.

அந்த வழக்கும் தின்பண்டத்தைப் பற்றியது. அதுவும் எங்களுக்குப் பக்கத்து மாநிலத்தில் பிறந்தது. பார்லே நிறுவனத்தின் குளுக்கோ பிஸ்கட் உறையில் ஒரு பண்ணை, அதன் நடுவில் வாளி சுமந்த ஒரு சிறுமி, அவளைச் சுற்றிப் பசுக்களும் கோழிகளும் இருந்தன. மைசூரைச் சேர்ந்த ஜே.பி. அண்ட் கோ என்ற நிறுவனத்தின் பிஸ்கட் உறையிலும் ஒரு பெண் இருந்தாள். அவள் தலையில் புல்கட்டு, கையில் அரிவாள், சுற்றிலும் பசுக்களும் கோழிகளும். உறையின் அளவும் வண்ண அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. வாளி எங்கே, புல்கட்டு எங்கே என்று வேறுபாடுகளை எண்ணிக்கொண்டு போனால் ஒரு பட்டியலே போடலாம். விசாரணை நீதிமன்றத்திலும் மைசூர் உயர் நீதிமன்றத்திலும் பார்லே தோற்றது. 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை மாற்றியது. இரண்டு உறைகளையும் அருகருகே வைத்து வேறுபாடு தேடுவது சரியான முறையல்ல, ஓர் உறையோடு பழகியவருக்கு இன்னோர் உறையை நீட்டினால் அவர் அதையே இதுவென்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மொத்தத் தோற்றம் ஒத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றது. கடைக்கு வருகிற மனிதர் பழைய உறையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதில்லை. அவர் கொண்டுவருவது நினைவை மட்டுமே, அதுவும் பாதி அழிந்த நினைவை.

இந்த ‘அரைகுறை நினைவு’ என்ற கருத்து அதற்கும் முந்தியது. 1962இல் அம்ருத்தாரா, லக்ஷ்மண்தாரா என்ற இரண்டு மருந்துப் பெயர்களைப் பற்றிய வழக்கில், சராசரி அறிவும் அரைகுறை நினைவும் கொண்ட, அவ்வளவாக உஷாராக இல்லாத ஒருவர் வாங்கும்போது குழம்புவாரா என்பதையே உச்ச நீதிமன்றம் அளவுகோலாக வைத்தது. குழம்புவார் என்றுதான் முடிவு செய்தது. ஆனால் லக்ஷ்மண்தாராக்காரர் நெடுங்காலம் வெளிப்படையாக விற்றுவந்ததை அம்ருத்தாராக்காரர் அறிந்தும் பேசாமல் இருந்ததால், உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் அந்தப் பெயருக்கு இடம் கிடைத்தது. பெரிய நிறுவனங்கள் சின்னக் கடைக்கெல்லாம் ஏன் நோட்டீஸ் அனுப்புகின்றன என்று எரிச்சலோடு கேட்பவர்களுக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. இப்போதைய 1999ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டத்தின்படியும், பின்னால் வேறொருவர் பதிவு செய்த ஒரு முத்திரை பயன்படுவதை அறிந்தும் ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாகச் சும்மா இருந்துவிட்டால், அந்த முத்திரை கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்யப்பட்டதாக இருந்தாலொழிய, பிறகு அதை எதிர்க்க முடியாது. தூங்கினால் உரிமை போய்விடும் என்ற அச்சமும் இந்த நோட்டீஸ்களுக்கு ஒரு காரணம். ஆணவம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

தமிழ் வாசகருக்கு இதைவிட நெருக்கமான ஒரு வழக்கும் உண்டு, அது மூக்குப்பொடியைப் பற்றியது. ஸ்ரீ அம்பாள் என்ற பெயரில் பொடி விற்றவர்களுக்கு எதிரே, ஸ்ரீ ஆண்டாள் படத்தோடு அந்தப் பெயரைப் பதிவு செய்ய இன்னொருவர் விண்ணப்பித்தார். நமக்கெல்லாம் அம்பாள் யார், ஆண்டாள் யார் என்று தெரியும். ஒருத்தி சிவன் கோயிலில் இருப்பவள், மற்றவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலை சூடிக் கொடுத்தவள். ஆனால் பொடி போடுபவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள், கடைக்காரரிடம் வாய்வழியாகக் கேட்கும்போது இரண்டு பெயரும் ஒரே ஓசையில் விழுகின்றன என்று சொல்லி, 1969இல் உச்ச நீதிமன்றம் ஆண்டாளுக்குப் பதிவு கிடையாது என்றது. படம் வேறாக இருந்தும் காது ஏமாறும் என்பதால் வந்த தீர்ப்பு அது. இன்றைய தொலைக்காட்சியில் இந்த வழக்கு வந்திருந்தால் சைவ வைணவ விவாதம் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் முன்பெல்லாம் லோகோ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘மார்க்’ என்பார்கள். மயில் மார்க் கொடுங்கள், கிளி மார்க் கொடுங்கள் என்றுதான் கடையில் கேட்பார்கள். என் அம்மா இன்னும் அப்படித்தான் கேட்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லாதவர். பாக்கெட்டின் நிறமும் அதிலுள்ள உருவமும்தான் அவருக்குப் பெயர். நோட்டீஸை எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலைப் பார்த்தபோது, நான் இரண்டு பாக்கெட்டுகளையும் அவர் மேசையில் ஒட்டினாற்போல் வைத்து, “பாருங்க சார், அது உலக்கை, இது வாணலி, அவ நிக்கறா, இவ உக்காந்திருக்கறா” என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு பாக்கெட்டை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, “வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா, காலையில ஒண்ணக் காட்டுங்க, சாயங்காலம் இன்னொண்ணக் காட்டுங்க. அப்பறம் வந்து பேசுங்க” என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அம்மா திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பெரிய நிறுவனத்தின் பாக்கெட்டிலிருந்து இரண்டு நிப்பட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பாக்கெட்டையும் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். மாலையில் அக்காவின் பாக்கெட்டைக் காட்டி, இது எது என்று கேட்டேன். “காலையில குடுத்தியே, அதான? உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சே” என்றார். உலக்கையும் வாணலியும் அவர் நினைவில் எங்குமே இல்லை. மஞ்சள், சிவப்பு வட்டம், உள்ளே ஒரு பெண், அவ்வளவுதான் தங்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டிய தேவை இல்லாமல் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நாங்கள் தோற்றுவிட்டோம்.

இதில் நான் ஒளிக்கக் கூடாத ஒன்று உண்டு. அக்கா முதன்முதலாக ஸ்டிக்கர் அடிக்க வந்த நாளில், சாம்பிளுக்காக அந்தப் பெரிய நிறுவனத்தின் பாக்கெட்டைத்தான் கொண்டுவந்திருந்தார். “இந்த மாதிரி பளிச்சுனு இருக்கணும் தம்பி, ஆனா இதே மாதிரி இருக்கக் கூடாது” என்றார். அச்சகம் வைத்திருக்கும் எவரும் வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்கும் வாசகம் இது. பிரியாணிக் கடைப் பலகையிலிருந்து மாங்கூழ் டின் லேபிள் வரை, பர்கூர் ஜவுளிக் கடைக் கைப்பையிலிருந்து கல்யாண மண்டப ஃபிளெக்ஸ் வரை, எல்லோருக்கும் வேறொருவருடையதைப் போலத் தெரிய வேண்டும், ஆனால் வேறொருவருடையதாக இருக்கவும் கூடாது. நான் கோரல் டிராவில் வரைந்துகொண்டிருந்தபோது அந்தப் பாக்கெட் என் கணினிக்குப் பக்கத்தில்தான் சாய்ந்து நின்றது. பெண்ணை உட்கார வைத்ததும் உலக்கையை எடுத்துவிட்டு வாணலியைக் கொடுத்ததும் தெரிந்தே செய்தவை. மஞ்சளையும் சிவப்பு வட்டத்தையும் விட்டுவைத்தது தெரியாமல் செய்தது என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

ஆகவே எங்களைப் பாவம் என்று எழுதியவர்களும் எனக்கு உதவியதாகச் சொல்ல முடியாது. பத்திரிகைச் செய்தி வந்த மூன்றாம் நாள் ஒரு யூடியூப் சேனல்காரர் கொட்டகைக்கு வந்து படமெடுத்துப் போனார். அடுப்புப் புகை, அக்காவின் வியர்த்த முகம், பின்னணியில் சோக இசை என்று தொகுத்து, கார்ப்பரேட் நிறுவனம் ஓர் ஏழைப் பெண்ணின் வயிற்றில் அடிக்கிறது என்று தலைப்புப் போட்டார். அதே இரண்டு பாக்கெட்டுகள் இங்கேயும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. இந்த முறை வேறுபாடுகளுக்குப் பச்சை வட்டம் போட்டிருந்தார்கள். வீடியோவைப் பார்த்த அக்காவுக்குக் கோபம் வந்தது அந்த நிறுவனத்தின் மீதன்று. “நான் ஏழைன்னு இவனுக்கு யாரு தம்பி சொன்னது? ஆறு பேருக்கு வாரச் சம்பளம் குடுக்கறேன்” என்றார்.

செய்தி எழுதுபவர்களுக்கு இந்த வகைத் தகராறுகளில் இரண்டே கதைகள்தாம் கிடைக்கின்றன. ஒன்று, பெரிய பெயரைத் திருடிய சின்னவன்; மற்றொன்று, சின்னவனை மிதிக்கும் பெரியவன். எந்தக் கதை ஓடும் என்பது பெரும்பாலும் யாருடைய தரப்பு முதலில் நிருபருக்குக் கிடைத்தது என்பதைப் பொறுத்தது. 2023இல் ஆப்பிள் நிறுவனம் சுவிட்சர்லாந்தின் ஆப்பிள் விவசாயிகள் மீது பாய்கிறது என்ற செய்தி உலகெங்கும் பரவியது நினைவிருக்கலாம். நூறாண்டு கடந்த அந்நாட்டுப் பழ விவசாயிகள் சங்கத்தின் சின்னம், வெள்ளைச் சிலுவை பொறித்த சிவப்பு ஆப்பிள். அதை மாற்ற வேண்டி வருமோ என்று அவர்கள் அஞ்சியது உண்மை. ஆனால் அந்தச் சங்கத்தின் மீது அப்போது வழக்கு எதுவும் இல்லை. கிரானி ஸ்மித் என்ற ஆப்பிள் வகையின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு உரிமை கேட்டு 2017இல் அந்த நிறுவனம் அங்குள்ள அறிவுசார் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. 2022இல் சில பொருள்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்ததால் மேல்முறையீடு செய்திருந்தது. பழத்தின் படத்துக்கே உரிமை கேட்பது பேராசைதான் என்பது என் கருத்து. மாம்பழக் கூழ் டின்னுக்கு லேபிள் அடித்துப் பிழைக்கும் எனக்கு, யாராவது பெங்களூரா மாங்காயின் கோட்டோவியத்துக்கு உரிமை கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைக்கையிலேயே நெஞ்சு பதறுகிறது. ஆனாலும் பேராசையான விண்ணப்பம் வேறு, வழக்கு வேறு. தலைப்புகள் அந்த இடைவெளியை விழுங்கிவிட்டன.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பிரிப்பேர் என்ற சமையல் குறிப்புச் செயலியின் பேரிக்காய்ச் சின்னத்துக்கு ஆப்பிள் மறுப்புத் தெரிவித்தபோதும் இதே கூத்துதான். அமெரிக்கப் பதிவு அலுவலகத்தில் எதிர்ப்பு மனுத்தான் தாக்கல் செய்யப்பட்டிருந்தது. பல செய்திகளில் அது வழக்காக மாறியிருந்தது. ஆப்பிள் பின்வாங்க வேண்டும் என்ற இணைய மனுவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2021இல் பேரிக்காயின் இலையை மட்டும் சற்றே மாற்றிக்கொண்டு சமாதானமாகிவிட்டார்கள். இலையின் வடிவம் மாறியது எத்தனை பேருக்குத் தெரியும்? கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேருக்குக்கூட அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது என்று நினைக்கிறேன்.

செய்தி வெளிச்சத்தின் அழுத்தம் சில வேளைகளில் நீதிமன்றத்துக்கு முன்பே முடிவு கட்டிவிடுகிறது. 2023 மார்ச்சில், மூன்று கோடுகள் கொண்ட சின்னத்துக்காகக் கறுப்பினத்தவரின் உரிமை இயக்கம் ஒன்றின் அறக்கட்டளை தந்த விண்ணப்பத்தை, மூன்று கோடுகளையே தன் சின்னமாகக் கொண்ட விளையாட்டு ஆடை நிறுவனமான அடிடாஸ் எதிர்த்தது. செய்தி வெளியான வேகத்தில் இரண்டே நாளில் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஜனவரியில் தாம் பிரவுன் என்ற ஆடை நிறுவனத்தின் நான்கு கோடுகள் மீது தொடுத்த வழக்கில், நியூயார்க் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) அடிடாஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. முதலாவதில் சட்டக் கேள்விக்கு விடையே கிடைக்கவில்லை, இரண்டாவதில் கிடைத்தது. செய்திகளில் இரண்டும் ‘அடிடாஸுக்குப் பின்னடைவு’ என்ற ஒரே கூடைக்குள் விழுந்தன.

நம் நாட்டில் பரவலாகச் சிரிப்பு மூட்டியது, கடற்கன்னிச் சின்னம் கொண்ட ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனத்தின் வழக்கு. டெல்லியில் சர்தார்பக்ஷ் என்ற பெயரில், வட்டத்துக்குள் தலைப்பாகை கட்டிய முகத்தோடு ஒரு காபிக் கடை இருந்தது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், அவர்கள் பெயரை சர்தார்ஜி-பக்ஷ் என்று மாற்றிக்கொண்டார்கள். இந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்கள் எல்லோரும் ‘கடற்கன்னியையும் சர்தாரையும் குழப்பிக்கொள்வார்களா?’ என்று கேலி செய்தார்கள். படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால், அம்பாளும் ஆண்டாளும் நினைவுக்கு வராவிட்டாலும், சிரிப்பாவது கொஞ்சம் குறைந்திருக்கும். எங்கள் பக்கத்தில் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1957இல் திண்டுக்கல்லில் தலப்பா கட்டிய ஒருவர் தொடங்கிய பிரியாணிக் கடையின் பெயர், ஓர் எழுத்து முன்னே பின்னே மாறி எத்தனையோ பலகைகளில் ஏறி, சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காகப் போனதைப் பிரியாணி தின்கிற எல்லோரும் ஓரளவு அறிவார்கள்.

எல்லா வழக்கிலும் முதலில் வந்தவரே வெல்வார் என்றும் இல்லை. மேஜிக் மசாலா என்று நூடுல்ஸ் விற்ற ஐடிசி, மேஜிக்கல் மசாலா என்று விற்ற நெஸ்லே மீது தொடுத்த வழக்கை 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேஜிக் என்பது பொருளைப் புகழ்கிற பொதுச் சொல், அதை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். நிப்பட்டு என்ற சொல்லையோ, பலகாரம் சுடும் பெண் என்ற கருத்தையோ யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று எங்கள் வக்கீல் சொன்னதும் இதே அடிப்படையில்தான். எங்கள் சிக்கல் பெண்ணில் இல்லை. அவளைச் சுற்றியிருந்த வட்டத்திலும் வட்டத்தைச் சுற்றியிருந்த மஞ்சளிலும் இருந்தது.

மீண்டும் அந்த நறுக்குக்கு வருகிறேன். அதில் எனக்கு ஆறாத புண்ணாக இருப்பது ‘போலி’ என்ற சொல். அடுத்தவருடைய பெயரையும் முத்திரையையும் அப்படியே அச்சடித்து, அவர் சரக்கு என்றே விற்பது போலி. அதற்குச் சட்டத்தின் 103ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. அதிலும்கூட, பிடியாணை இல்லாமல் சோதனையிட்டுச் சரக்கைக் கைப்பற்ற வேண்டுமானால் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் செய்ய முடியும். அவரும் முன்னதாக முத்திரைப் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். தன் சொந்தப் பெயரையும் ஊரையும் கைபேசி எண்ணையும் பாக்கெட்டில் அச்சடித்துக்கொண்டு, பார்வைக்கு ஒத்த ஒரு படத்தை வைத்திருப்பது வேறு. அது பெரும்பாலும் உரிமையியல் தகராறு. தடை உத்தரவு, லாபக் கணக்கு, நஷ்ட ஈடு என்ற அளவில் நிற்பது. செய்தித்தாள் இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. தின்பண்டம் என்பதால் படித்தவர்களுக்குப் போலி என்பது கலப்படமாகவே காதில் விழுந்தது. பேருந்து நிலையக் கடைக்காரர் ஒருவர் 40 பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, “எண்ணெய்ல ஏதோ பிரச்சினையாமே அக்கா” என்று விசாரித்தாராம். எண்ணெயைப் பற்றி நோட்டீஸிலும் இல்லை, செய்தியிலும் இல்லை.

சொற்குழப்பம் இதோடு நிற்பதில்லை. தமிழ்ச் செய்திகளில் காப்புரிமை என்ற ஒரே சொல் கதைக்கும் கண்டுபிடிப்புக்கும் லோகோவுக்கும் சேர்த்துப் புழங்குகிறது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் நிறுவனத்துக்கும் பஜாஜுக்கும் ஃபிளேம் என்ற மோட்டார் சைக்கிளை வைத்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை வழக்கு. எஞ்சினுக்குள் இருக்கும் இரட்டை ஸ்பார்க் பிளக்கைப் பற்றியது. பெட்ரோல் டாங்கின் மேலே ஒட்டியிருக்கும் பெயர் அதில் பேச்சே இல்லை. கண்டுபிடிப்புக்கான உரிமை 20 ஆண்டுகளில் முடிந்துவிடும். வணிக முத்திரையோ பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனால் பேரன் காலத்துக்கும் நிற்கும். இந்த வேறுபாட்டை அறியாத ஒருவர் ‘நீங்கள் காப்புரிமையை மீறிவிட்டீர்களாமே’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இன்னொன்று, இடைக்கால உத்தரவு. மறுதரப்பு வருவதற்கு முன்பே, மனுதாரரின் ஆவணங்களை மட்டும் பார்த்து நீதிமன்றம் சில வாரங்களுக்குத் தடை போடுவது இத்தகைய வழக்குகளில் வழக்கம்தான். அது அன்றைக்குச் செய்தியாகி, ‘நீதிமன்றம் அதிரடி’ என்று போய்விடும். எதிர்த்தரப்பு வந்து வாதாடி அந்தத் தடை நீங்குகிற நாளில் நிருபர் வேறு செய்தியில் இருப்பார். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை என்பது அதிர்ஷ்டம்.

வழக்கு ஏதும் இல்லாமல் நோட்டீஸால் மிரட்டுகிறார்கள் என்று நாமே எதிர்வழக்குப் போட முடியுமா என்று வக்கீலிடம் கேட்டேன். அடிப்படை இல்லாத மிரட்டலுக்கு எதிராக 142ஆம் பிரிவு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, “ஆனா இதுல அடிப்படை இருக்கே சார், உங்க அம்மாவே சாட்சி” என்றார். பதில் கடிதம் எழுதினோம். அந்த நிறுவனத்தின் வக்கீல், நான் எதிர்பார்த்ததைவிட மரியாதையான மனிதர். மஞ்சளை எடுத்துவிட்டு இலைப்பச்சை, வட்டத்தை எடுத்துவிட்டுக் கோயில் மாடம் போன்ற வளைவு; பெண்ணும் வாணலியும் அப்படியே இருக்கலாம்; கடையிலுள்ள சரக்கை விற்றுத் தீர்க்க 45 நாள் அவகாசம். நஷ்ட ஈடு கேட்கவில்லை. கையிருப்பில் இருந்த 11,000 ஸ்டிக்கர்கள் வீணாயின. அவற்றின் அச்சுச் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன், குற்றவுணர்ச்சிக்கு அது ஒன்றும் பெரிய தொகை இல்லை.

சமாதானம் ஆனதும், முதல் செய்தியை எழுதிய நிருபரைத் தொடர்புகொண்டு, முடிந்துவிட்டது, அதையும் இரண்டு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். கெட்டவர் அல்ல, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “ரெண்டு பேரும் ஒத்துப் போய்ட்டாங்கன்னா அதுல நியூஸ் என்னங்க சார் இருக்கு?” என்றார். புதுப் பாக்கெட்டின் படத்தை அனுப்பட்டுமா என்றேன். “பழசு மாதிரியே இருக்குதா, வேற மாதிரி இருக்குதா?” என்று கேட்டார். வேற மாதிரி என்றதும் அவருடைய ஆர்வம் போய்விட்டது.

புதுப் படத்தை முறையாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. தனி நபர் இணையவழி விண்ணப்பிக்க ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய் கட்டணம். நிப்பட்டு 30ஆம் வகுப்பில் வருகிறது. விண்ணப்பம் சென்னை கிண்டியில் உள்ள பதிவு அலுவலகத்துக்குப் போய், சில கேள்விகளுக்குப் பதில் எழுதி, ஏற்றுக்கொள்ளப்பட்டு, இப்போது வணிக முத்திரை இதழில் வெளியாகியிருக்கிறது. வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அந்த இதழின் பக்கத்தை இறக்கி, ஆர்ட் பேப்பரில் அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் அவருடைய பெயர், விண்ணப்ப எண், நடுவில் வளைவுக்குள் அடுப்பின் முன் உட்கார்ந்த பெண். “இவ மட்டுந்தான் இருக்கறா, பக்கத்துல யாரையும் போடலியே” என்றார். அந்த இதழில் அப்படித்தான் போடுவார்கள் என்றேன். இன்னும் இரண்டு மாதமும் ஒன்பது நாளும் இருக்கின்றன.